எந்தப் பட்டணம் சேர்வது?

“கெட்டும் பட்டணம் சேர்” என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாகப் பழகிவரும் பழமொழி. வாழ்வில் நொடித்துப்போனவனும் ஒரு நகரத்தை அடைந்துவிட்டால், ஏதேனும் ஒரு தொழிலைப் பற்றிக்கொண்டு கரையேறிவிடலாம் என்ற நம்பிக்கை அதனுள் அடங்கியிருக்கிறது. ஆனால், பட்டணத்திலிருந்து துரத்தப்பட்டதனாலேயே கெட்டவர்களும் உலகில் உண்டு. கம்போடிய நாட்டின் கெமர் மக்கள் அத்தகையோர். 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் கெமர் ரூஜ் படையினர் புனோம் பென் நகரைக் கைப்பற்றினர். கைப்பற்றிய அன்றே மக்களை வெளியேறப் பணித்தனர். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த நோயாளிகளும் தெருவுக்குத் தள்ளப்பட்டனர். சுமார் 20 இலட்சம் பேர் நிறைந்திருந்த நகரம் சில நாள்களில் வெறுமையாயிற்று. அடுத்து வந்த நான்காண்டுக்கும் குறைவான காலத்தில் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் மாண்டவர் தொகை 15 இலட்சத்துக்கும் 20 இலட்சத்துக்கும் இடைப்பட்டது என்று ஆய்வாளர் கணக்கிடுகின்றனர்.

அத்தகைய மக்களுள் ஒரு குடும்பம், அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிலையாக வாழ்வதற்கு ஒரு நகரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், எதனைத் தேர்ந்தெடுப்பது? வருமானம், வீட்டு விலை, தட்பவெப்பம் ஆகியவற்றை அட்டவணையிட்டு எளிதில் விடை கண்டுவிடலாம் என்று தோன்றும். ஆயினும், கடந்த அரை நூற்றாண்டில் அம்மக்கள் அந்நாட்டில் ஊர்விட்டு ஊர் மாறிய வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், அக்கேள்வி அவ்வளவு எளியதன்று என்பது விளங்கும்.

முதலில் வந்தவர்களுக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. 1979 ஜனவரி 7ஆம் நாள் வியட்நாமியப் படை புனோம் பென்னுக்குள் நுழைந்ததும் கெமர் ரூஜ் ஆட்சி கவிழ்ந்தது. உயிர் தப்பியோருள் பல்லாயிரவர் தாய்லாந்து எல்லையை நோக்கி நடந்தனர். அவ்வாண்டு நவம்பரில் திறக்கப்பட்ட காவ் இ டாங் முகாம், சில மாதங்களிலேயே ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தங்கிய குடிசை நகரமாயிற்று. 1975 தொடங்கி 1990களின் நடுப்பகுதி வரை சுமார் ஒன்றரை இலட்சம் கம்போடியரை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. யார் எந்த ஊருக்குப் போவது என்பதைக் குடியமர்த்தும் நிறுவனங்களும், பொறுப்பேற்க முன்வந்த புரவலர்களுமே முடிவு செய்தனர். புரவலருள் பலர் தேவாலயக் குழுவினர். அவர்கள் வாழ்ந்த ஊரே அகதியின் ஊராயிற்று. பனி கொட்டும் சிற்றூர் ஒன்றில், தன் மொழி பேசும் மற்றொரு மனிதரைக் காணாமல் மாதக்கணக்கில் வாழ்ந்த குடும்பங்கள் பல.

இந்தத் தனிமையின் தீங்கை அரசு உணராமலில்லை. 1980–81இல் கெமர் மக்களைச் சிறு சிறு கூட்டங்களாகப் பன்னிரண்டு நகரங்களில் குடியமர்த்தும் திட்டமொன்று நடத்தப்பட்டது. அட்லாண்டா, பாஸ்டன், சிகாகோ, டல்லாஸ், ஹூஸ்டன், ஃபீனிக்ஸ் ஆகியவை அவற்றுள் அடங்கும். வேலை கிடைக்க வேண்டும்; வாடகை மிகக் கூடாது; கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் மட்டும் எல்லாரும் வந்து குவிந்துவிடக் கூடாது. இவையே அத்திட்டத்தின் நோக்கங்கள். அவற்றில் நியாயம் இருந்தது. ஆயினும், அனுப்பிய ஊரிலேயே எல்லாரும் தங்கிவிடவில்லை. பலர் ஓரிரு ஆண்டுகளில் மூட்டை கட்டினர். தொலைந்துபோன தமக்கை வேறொரு மாநிலத்தில் உயிரோடிருக்கிறாள் என்ற செய்தி சிலரை இழுத்தது. இறந்தவருக்குச் சடங்கு செய்யப் பிக்கு ஒருவர் இருக்கும் ஊர் சிலரை இழுத்தது. பிராஹோக் என்னும் நொதிக்க வைத்த மீன் விழுது கிடைக்கும் கடை இருந்தாலும் போதும் என்று போனவர்களும் இருந்திருப்பர். அரசு ஒருமுறை குடியமர்த்தியது. மக்கள் தம்மைத் தாமே மறுமுறை குடியமர்த்திக்கொண்டனர். இன்று அமெரிக்காவில் கெமர் நகரங்கள் என்று பெயர் பெற்றவை பெரிதும் இந்த இரண்டாம் பயணத்தால் வளர்ந்தவையே.

இன்று அவ்வாறு இடம்பெயர எண்ணும் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். எழுபது வயதைக் கடந்த பாட்டி. ஆலையில் உழைக்கும் மகன். முதியோர் இல்லத்தில் பணிபுரியும் மருமகள். பதினான்கு வயதுப் பேரன். எட்டு வயதுப் பேத்தி. இதுவரை தங்கியிருந்த சிற்றூரைவிட்டு, இனி எஞ்சிய காலமெல்லாம் வாழத்தக்க நகரொன்றை அவர்கள் நாடுகின்றனர். வீடு ஒன்றுதான், கேள்விகளோ மூன்று. மகனும் மருமகளும், “எங்கே பிழைக்கலாம்?” என்று கேட்கின்றனர். பிள்ளைகளின் பொருட்டு, “எங்கே முன்னேறலாம்?” என்று கேட்க வேண்டியிருக்கிறது. பாட்டியின் கேள்வியோ, “எங்கே பேசலாம்?” என்பது. அவர் அதனை வாய்விட்டுக் கேட்பதில்லை.

பாட்டியின் கேள்விக்கு முதல் விடையாக வருவது லாங் பீச். 1960களிலேயே அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் பயிலக் கம்போடிய மாணவர் சிலர் வந்திருந்தனர். 1975இல் நாடு வீழ்ந்தபோது, அங்கிருந்த அச்சிறு வட்டமே அகதிகளை வரவேற்று நிறுத்தியது. அன்று விழுந்த விதை இன்று உலகில் கம்போடியாவுக்கு வெளியே மிகப் பெரிய கெமர் குடியிருப்புகளுள் ஒன்றாகக் கிளைத்திருக்கிறது. அனஹைம் தெருவின் ஒரு பகுதிக்கு 2007இல் நகராட்சியே ‘கம்போடியா டவுன்’ என்று பெயர் சூட்டியது. நகைக்கடை, மளிகைக்கடை, உணவகம், மருத்துவர் அறை என எங்கும் கெமர் எழுத்தைக் காணலாம். குளிர்காலத்திலும் மேலாடை ஒன்றே போதும். பாட்டி கையில் ஒரு பையோடு தனியே நடந்து சென்று, கீரை வாங்கி, நான்கு பேரிடம் நலம் விசாரித்துவிட்டுத் தனியே வீடு திரும்பலாம்.

தொழிலுக்கும் அங்கே ஒரு வழி பிறந்தது. 1975இல் அகதியாக வந்த டெட் ஙோய், டோனட் என்னும் வளையப் பணியாரத் தொழிலைக் கற்றுத் தென் கலிபோர்னியாவில் கடை மேல் கடை திறந்தார். பின்னால் வந்த தம் மக்களுக்கு அத்தொழிலைக் கற்பித்துக் கடைகளைக் குத்தகைக்குவிட்டார். மொழி அறியாத குடும்பம் ஒன்று, இரவு இரண்டு மணிக்கு எழுந்து மாவு பிசையத் துணிந்தால், பிறரிடம் கைகட்டி நிற்காமல் பிழைக்க முடிந்தது. கலிபோர்னியாவின் தனியார் டோனட் கடைகளில் மிகப் பல இன்றும் கம்போடியர் கையில் இருப்பதன் காரணம் இதுவே.

ஆனால், ஒளியைக் காட்டுபவர் நிழலையும் காட்ட வேண்டும். 1980களில் லாங் பீச் பகுதியில் வாழ்ந்த கெமர் பெண்களுள் நூற்றுக்கு மேற்பட்டோர் தமக்குக் கண் தெரியவில்லை என்று கூறினர். சோதித்த மருத்துவர்கள் கண்ணில் குறை காணவில்லை. கண்முன் கணவனையும் மக்களையும் பறிகொடுத்தோர் அவர்கள்; இனிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று உள்ளமே கண்ணை மூடிக்கொண்டதோ என்று ஆய்வாளர் வியந்தனர். 2005இல் வெளியான ஆய்வொன்று, அந்நகரில் 35 வயதுக்கு மேற்பட்ட கம்போடிய அகதிகளுள் 62 விழுக்காட்டினர் பேரதிர்ச்சிக்குப் பிந்திய மனநோய்க்கு ஆளாகியிருந்ததைக் கண்டது. நாட்டைவிட்டு வந்து இருபதாண்டுகள் கழிந்த பின்னரும் அந்த நிலை. தம் மக்கள் நெருங்கி வாழும் தெரு தனிமையைத் தீர்க்கலாம். துயரை அதனால் மட்டும் தீர்க்க இயலாது.

பிள்ளைகளின் கதையும் எண்ணத்தக்கது. பெற்றோர் பகலிரவாக உழைக்க, வீட்டில் பெரியவர்கள் துயரில் உறைந்திருக்க, தெருவில் வேற்றினச் சிறுவர் கும்பல்களால் தாக்கப்பட்ட கெமர் இளைஞர் சிலர் தாமும் கும்பல் சேர்ந்தனர். 1980களிலும் 1990களிலும் அத்தெருக்களில் குருதி சிந்தியது. இன்று அந்நிலை பெரிதும் தணிந்துவிட்டது. எனினும், வீட்டில் ஆளில்லாத பிள்ளைக்குத் தெருவே வீடாகும் என்ற பாடம் எக்காலத்துக்கும் பொருந்தும். இன்று அந்நகரில் வீட்டு விலை உழைக்கும் மக்களுக்கு எட்டாத உயரத்தில் நிற்கிறது. அதனை எட்டப் பெற்றோர் இருவரும் இரட்டை வேலை பார்த்தால், பதினான்கு வயதுச் சிறுவன் யார் கண்காணிப்பில் வளர்வான்?

வாடகை குறைவென்று கலிபோர்னியாவின் உள்நாட்டு நகரான ஸ்டாக்டனுக்குப் போனவர்களும் பலர். வயல் சூழ்ந்த அந்த ஊர், உழவர் குடியில் பிறந்தோர்க்கு ஆறுதலாக இருந்தது. அங்குத்தான் 1989 ஜனவரி 17ஆம் நாள், தொடக்கப்பள்ளி ஒன்றின் விளையாட்டுத் திடலில் ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். மாண்ட ஐந்து குழந்தைகளுள் நால்வர் கம்போடியர், ஒருவர் வியட்நாமியர். கொலைக்களத்திலிருந்து தப்பிவந்த பெற்றோர் மீண்டும் பிள்ளைகளுக்கு ஈமச்சடங்கு செய்தனர். இதற்காக ஒரு நகரைத் தீய நகரென்று ஒதுக்குவது முறையன்று. முழுப் பாதுகாப்பு என்ற ஒன்றை எந்த நகரும் எழுதித்தர முடியாது என்பதையே அந்நாள் உணர்த்துகிறது.

மண்ணை மறக்காதவர்க்கு டெக்சஸ் மாநிலம் ஒரு வழி காட்டுகிறது. ஹூஸ்டனுக்குத் தெற்கே ரோஷாரன் என்னும் ஊரில் கெமர் குடும்பங்கள் கண்ணாடிக்குடில் போன்ற கூடாரங்களில் கீரை பயிரிடுகின்றனர். அவர்கள் ‘திரகுவன்’ என்றழைக்கும் அக்கீரை, மலேசிய, சிங்கப்பூர்ச் சந்தைகளில் கங்கோங் என்ற பெயரில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் அதே கீரைதான். நீர்நிலைகளை அடைத்துவிடும் களை என்று அமெரிக்க அரசு அதனைப் பட்டியலிட்டிருப்பதால், விதிகளுக்கு உட்பட்டே பயிரிட வேண்டும். 2008ஆம் ஆண்டின் ஐக் புயலும் 2017ஆம் ஆண்டின் ஹார்வி புயலும் அப்பகுதியைத் தாக்கின. உழவர் மீண்டும் நட்டனர். அங்கே நிலமும் வீடும் மலிவு. ஆனால், கார் இல்லாதவர்க்குக் கால் இல்லை. சொந்த வீட்டின் அகன்ற முற்றத்தில், மகன் வேலையிலிருந்து திரும்பும் வரை பாட்டி கைதிபோல் காத்திருக்க நேரும்.

நாட்டின் மறுகோடியில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், மெரிமாக் ஆற்றங்கரையில் இருக்கிறது லோவெல். 1820களில் ஆற்று நீரைக் கால்வாய்களில் திருப்பி, அதன் விசையால் தறிகளை இயக்கிய நெசவாலை நகரம் அது. உழவர் வீட்டுப் பெண்கள் முதலில் வந்தனர். பின்னர் ஐரிஷ்காரர், பிரெஞ்சுக் கனடியர், கிரேக்கர், போலந்துக்காரர், போர்த்துகீசியர் என அலையலையாக வந்தனர். ஆலைகள் ஓய்ந்து நகரம் சோர்ந்திருந்தபின், 1980களில் கணிப்பொறித் தொழில் தலையெடுத்தது. மின்னணுப் பகுதிகளைப் பொருத்தும் வேலைக்கு ஆங்கிலத்தைவிடக் கைத்திறனே முதன்மையாயிருந்தது. கெமர் மக்கள் அவ்வேலையை நாடித் திரண்டனர். 1992இல் அந்நகரின் பெரிய கணிப்பொறி நிறுவனமான வாங் நொடித்தது. எனினும், அதற்குள் விகாரைகளும் கடைகளும் சங்கங்களும் வேரூன்றிவிட்டதால், மக்கள் நகரைவிட்டு நீங்கவில்லை. வேலை மக்களை ஓர் ஊருக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அங்கே நிலைநிறுத்துபவை நிறுவனங்களே.

லோவெலும் அவர்களை மலர்தூவி வரவேற்கவில்லை. 1980களில் பள்ளிகளில் இடம் போதாமல், வகுப்பறை அல்லாத மூலைகளில் அகதிப் பிள்ளைகள் அமர்த்தப்பட்டனர். 1987இல் தென்கிழக்காசியப் பெற்றோரும் இஸ்பானிய மொழி பேசும் பெற்றோரும் இணைந்து நீதிமன்றம் சென்றனர். 1999இல் கெமர் ஒருவர் நகராட்சி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும், தேர்தல் முறை சிறுபான்மையினர்க்கு எதிராக அமைந்திருந்ததால் மீண்டும் வழக்கு எழுந்தது. 2019இல் உடன்பாடு ஏற்பட்டு, 2021இல் புதிய முறையில் வாக்கெடுப்பு நடந்தது. 2022 ஜனவரியில், சிறு வயதில் அகதியாக வந்த சொக்காரி சாவ் அந்நகரின் மேயரானார். அமெரிக்காவில் மேயர் பதவி ஏற்ற முதல் கம்போடியர் அவரே. லோவெலின் மக்கள்தொகை சுமார் 1,15,000. லாங் பீச்சின் மக்கள்தொகை அதனைப்போல் நான்கு மடங்கு. சிறிய நகரில் ஒரு சமூகத்தின் குரல் விரைவில் மன்றத்தை எட்டுகிறது.

இது வெறும் அரசியல் பெருமை அன்று. மொழியின் வாழ்வோடு தொடர்புடையது. கெமர் எழுத்து, தென்னகத்துப் பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தது. ஆண்டு குறிக்கப்பட்ட கெமர் மொழிக் கல்வெட்டுகளுள் பழமையானது கி.பி. 611ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பதினான்கு நூற்றாண்டு கண்ட அந்த எழுத்து, பாட்டி, பேரன் என்னும் இரண்டே தலைமுறைக்கு இடையில் அமெரிக்காவில் அறுந்துபோகக்கூடும். பள்ளிகள் அதனைக் காக்கும் என்று சட்டத்தை நம்பியிருக்க இயலாது. கலிபோர்னியா வாக்காளர் 1998இல் இருமொழிக் கல்வியைப் பெரிதும் ஒடுக்கினர். 2016இல் அத்தடையை நீக்கினர். மாசச்சூசெட்ஸ் 2002இல் அதே வழியில் சென்று 2017இல் திரும்பியது. ஒரு பிள்ளையின் பள்ளிப்பருவம் முழுவதும் அந்த இடைவெளியில் கழிந்துவிடும். ஆகவே, விகாரையின் வார இறுதி வகுப்பும் வீட்டின் பேச்சுமே இறுதி அரண். அதற்கும் மேலாக ஒன்று உண்டு. அடுக்களையில் மட்டும் ஒலிக்கும் மொழியைப் பிள்ளை வளர்ந்ததும் அடுக்களையிலேயே விட்டுவிடும். மருத்துவரும் ஆசிரியரும் மேயரும் பேசக் கேட்ட மொழியைப் பிள்ளை மதிக்கும். தான் சரளமாகப் பேசாவிட்டாலும் அதற்காக நாணாது.

நீண்ட காலம் தங்குதல் என்பதற்கு மற்றொரு நிபந்தனையும் உண்டு, அது குடியுரிமை. அகதியாக வந்த பெற்றோர் பலர் நிரந்தர வசிப்புரிமையே போதுமென்றிருந்தனர். 1996ஆம் ஆண்டின் குடிநுழைவுச் சட்டம், குற்றத் தீர்ப்புப் பெற்ற குடியுரிமையற்றோரை நாடு கடத்துவதை எளிதாக்கியது. 2002இல் கம்போடியாவும் அவ்வாறு அனுப்பப்படுவோரை ஏற்க உடன்பட்டது. தாய்லாந்து முகாமில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, இளமையில் தவறிழைத்துத் தண்டனையும் முடித்தவர்கள், தாம் கண்டேயிராத நாட்டுக்கு அனுப்பப்பட்டனர். எனவே, குடியுரிமைப் படிவத்தைத் தாய்மொழியில் விளக்கி நிரப்ப உதவும் சங்கம் இருக்கும் நகரே நிலையான நகர். லாங் பீச், லோவெல் இரண்டிலும் 1970களிலும் 1980களிலும் தோன்றிய கெமர் சங்கங்கள் இப்பணியைச் செய்து வந்திருக்கின்றன.

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், மேலே கண்ட குடும்பத்துக்கு லோவெலே பொருந்தும் என்று கூறலாம். அங்கே மரத்தால் கட்டிய அடுக்கு வீடுகள் பல உண்டு. ஒரு வீட்டை வாங்கி, ஒரு தளத்தில் தாம் வாழ்ந்து, மறு தளத்தை உறவினர்க்கு வாடகைக்குவிட்டால், கடன் சுமை பாதியாய்க் குறையும். பெற்றோருள் ஒருவராவது மாலையில் பிள்ளைகளோடு இருக்க முடியும். தீராத தடை ஒன்றுண்டு, அது பனி. ஜனவரியில் உறைந்த நடைபாதையில் பாட்டி தனியே நடக்க இயலாது. ஆனால், கெமர் முதியோரை வீட்டு வாயிலிலிருந்து வண்டியில் அழைத்துச் சென்று, அவர்கள் மொழியிலேயே கவனித்து, மாலையில் கொண்டுவந்துவிடும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் அங்கு உள்ளன. 2000ஆம் ஆண்டு முதல், தென்கிழக்காசியரின் உடற்பிணியையும் மனப்பிணியையும் அவர்தம் பண்பாடறிந்து நோக்கும் மெத்தா மருத்துவ நிலையமும் அங்குச் செயற்படத் தொடங்கியது. குளிர் ஆண்டுக்கு நான்கு மாதம். வீட்டுக் கடனோ பன்னிரண்டு மாதமும் வரும்.

கடைத்தொழிலில் கைதேர்ந்த குடும்பத்துக்கு லாங் பீச் சிறக்கலாம்; மண்வெட்டியை விரும்பும் குடும்பத்துக்கு ரோஷாரன் சிறக்கலாம். ஊர் வேறுபடினும் தேர்ந்தெடுக்கும் முறை ஒன்றே. வீட்டில் வலிமை மிக்கவரின் தேவையை முதலில் எண்ணாமல், வலிமை குறைந்தவரின் தேவையை முதலில் எண்ண வேண்டும். இளைஞன் புது ஊரில் புது நண்பரைத் தேடிக்கொள்வான். குழந்தை ஓராண்டில் புதுமொழி பேசும். எழுபது வயதுக்கு மேல் ஒருவர் புதிதாகத் தேடிக்கொள்ளும் உலகம் மிகச் சிறிது.

பாட்டியிடம் கேட்டால், “பிள்ளைகள் எங்கே நன்றாயிருப்பார்களோ அங்கே போகலாம்” என்றே விடை வரும். வாழ்நாளெல்லாம் விட்டுக்கொடுத்துப் பழகியவரின் விடை அது. அதனை அப்படியே ஏற்றுக்கொள்வது மகனுக்கு எளிது, ஆனால் நேர்மையாகாது. முடிவெடுக்கும் முன் அந்த நகருக்கு அவரை ஒருமுறை அழைத்துச் சென்று, விகாரை வாயிலில் ஒரு பகற்பொழுது உட்கார வைக்க வேண்டும். யாராவது அருகே வந்து, “அம்மா, உங்களுக்கு எந்த ஊர்?” என்று கெமர் மொழியில் கேட்பார்கள். அப்போது அவர் எவ்வளவு நேரம் பேசுகிறார் என்பதைக் கவனித்தால் போதும்.